நன்றி நவிலும் நாள் விருந்து: நான்கு மணி வேலையை யார் பார்ப்பது?

அமெரிக்காவின் நன்றி நவிலும் நாளான (தாங்க்ஸ்கிவிங்) நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நெருங்கும்போது உணவுப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "வான்கோழியை எவ்வளவு நேரம் ஓவனில் வைப்பது?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் விருந்துக்கு மறுநாள் வீட்டில் பாதிப்பேரை வயிற்றைப் பிடித்துக்கொள்ள வைக்கும் தவறுகள் பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில் நடக்கின்றன. ஒன்று, உறைந்த பறவையை இளக்கும் நாட்களில். இன்னொன்று, சாப்பிட்டு முடித்து எல்லோரும் சோபாவில் சாய்ந்துவிட்ட பிறகு. அமெரிக்காவில் இருக்கும் தமிழ் வீடுகளில் அன்றைக்கு ஊரிலிருந்து வந்த பெற்றோர், கைக்குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி என எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்

அசைவம் சாப்பிடுவோர் தலைக்கு ஒரு பவுண்டு என்று கணக்கிட்டால் எலும்பு போக எல்லோருக்கும் போதும், மிச்சமும் இருக்கும். சைவர்களைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். பத்துப் பேர் வரும் வீட்டில் நான்கு பேர் சைவம் என்றால் 20 பவுண்டு பறவைக்கு வேலையே இல்லை. பறவை பெரிதாகப் பெரிதாக இளகவும் வேகவும் கூடுதல் நேரம் பிடிக்கும். மீதத்தை வைக்கவும் இடம் போதாது.

உறைந்த வான்கோழி ஃபிரிட்ஜில் இளக, 4 முதல் 5 பவுண்டுக்கு 24 மணி நேரம் ஆகும். 14 பவுண்டு பறவைக்கு ஏறத்தாழ மூன்று நாள். ஞாயிறு காலை ஃபிரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றினால் புதன் காலைக்குள் இளகிவிடும். இளகியது இன்னும் ஒன்றிரண்டு நாள் ஃபிரிட்ஜில் தாங்கும் என்பதால் வியாழன் வரை கவலையில்லை. விளிம்பு உயர்ந்த தட்டில் வைத்து, கட்டாயம் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் சொட்டும் நீர் தாத்தாவுக்கு எடுத்துவைத்த தயிர்ச் சாதத்தில்தான் போய் விழும்.

ஞாயிறு மறந்துபோனால் குளிர்ந்த நீர் இருக்கிறது. உறை கிழியாத பறவையைக் குளிர்ந்த நீரில் முழுக்க அமிழ்த்தி, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். ஒரு பவுண்டுக்கு 30 நிமிடம். 14 பவுண்டுக்கு ஏழு மணி நேரம். இப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும். வெந்நீர் ஊற்றுவதும், இரவு முழுக்கச் சமையல் மேடையில் விடுவதும் கூடாது. உள்ளே பனிக்கட்டி இருக்கும்போதே மேல்தோல் பல மணி நேரம் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிக் கிடக்கும். 40 முதல் 140 டிகிரி வரை, அதாவது 4 முதல் 60 செல்சியஸ் வரையிலான வெப்பத்தில்தான் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகுகின்றன. கராஜில் வைப்பதும் சரியல்ல. மிச்சிகனில் அங்கே மறுபடி உறைந்துபோகும்; டெக்சஸில் நண்பகல் வெயிலில் சூடேறும்.

வியாழன் காலையிலும் வயிற்றுக்குள் ஐஸ் கெட்டியாக இருந்தால் பதற வேண்டாம். உறைந்த பறவையை நேரே ஓவனில் வைக்கலாம். வழக்கமான நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஆனால் உறைந்ததை ஒருபோதும் எண்ணெயில் இறக்காதீர்கள். ஐஸ் நொடியில் ஆவியாகி, எண்ணெய் பொங்கி வழிந்து அடுப்பில் பட்டுத் தீப்பிடிக்கும்.

அந்த வாரம் ஃபிரிட்ஜ் திணறும். நெருக்கி அடைத்தால் குளிர்க்காற்று உள்ளே சுழலாது. பாட்டில்களையும் கேன்களையும் ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தை உணவுக்குக் கொடுங்கள். உள்ளே ஒரு சிறு தெர்மாமீட்டர் வைத்து 40 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

கழுவ வேண்டாம்

இறைச்சியை மஞ்சள் போட்டு நான்கு தண்ணீரில் அலசிப் பழகிய கைகளுக்கு இது ஏற்கச் சங்கடமானதுதான். என்றாலும் 14 பவுண்டுப் பறவையை சிங்கில் கழுவும்போது தெறிக்கும் நீர் பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லியிலும் வெள்ளரித் துண்டிலும் சால்மோனெல்லா பாக்டீரியாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பறவையில் இருப்பதைச் சூடு கொன்றுவிடும். சாலட்டில் தெறித்ததை எதுவும் கொல்லாது. பேப்பர் டவலால் ஒற்றி எடுத்துக் குப்பையில் போட்டு, கையை 20 விநாடி சோப்பால் கழுவுங்கள். மஞ்சளும் இஞ்சி பூண்டும் தடவி ஊறவைக்க விரும்பினால் தாராளமாகச் செய்யலாம், ஃபிரிட்ஜுக்குள்.

ஓவனில் வைக்கும் முன் வயிற்றுப் பக்கமும் கழுத்துப் பக்கமும் கைவிட்டுப் பாருங்கள். ஈரல், இரைப்பை அடங்கிய பொட்டலம் ஒரு துளையிலும் கழுத்து இன்னொன்றிலும் இருக்கலாம். காகிதப் பொட்டலம் உள்ளேயே வெந்துவிட்டால் பெரிய கெடுதல் இல்லை. பிளாஸ்டிக் உருகியிருந்தால் அந்தப் பறவையையும் அதன் சாற்றில் செய்த கிரேவியையும் சாப்பிடக் கூடாது.

மூன்று மணிச் சாப்பாட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஓவன் 325 டிகிரிக்குக் குறையக் கூடாது. உள்ளே எதுவும் திணிக்காத 12 முதல் 14 பவுண்டுப் பறவைக்கு 3 முதல் 3¾ மணி நேரம் ஆகும். மூன்று மணிக்குச் சாப்பாடு என்றால் காலை 10:15க்கு உள்ளே. மதியம் 2 மணிக்கு வெளியே. 2:30 வரை ஓய்வு. பிறகு 20 நிமிடம் வெட்டும் வேலை. ஸ்டஃபிங் எனும் ரொட்டிப் பூரணத்தைத் தனிப் பாத்திரத்தில் வேகவையுங்கள். பறவைக்குள் திணித்தால் நேரம் கூடுவதோடு, நடுவில் இருப்பது வேகாமல் நின்றுவிடும். பச்சைச் சாறு முழுக்க அதில்தான் இறங்கியிருக்கும்.

நேரம் வெறும் மதிப்பீடுதான். முடிவைச் சொல்ல வேண்டியது தெர்மாமீட்டர். மார்பின் தடித்த பகுதி, தொடையின் உட்பகுதி, இறக்கையின் உட்பகுதி என மூன்று இடங்களில், எலும்பில் படாமல் குத்திப் பார்த்தால் மூன்றிலும் 165 டிகிரி, அதாவது 74 செல்சியஸ் காட்ட வேண்டும். எலும்பில் பட்டால் அளவு பிசகும். சில பறவைகளில் செருகி வரும், சூடு ஏறியதும் எகிறும் பிளாஸ்டிக் பொத்தான் ஓரிடத்து வெப்பத்தை மட்டுமே அறியும். அதை மட்டும் நம்பாதீர்கள். சதையின் நிறத்தையும் நம்பாதீர்கள். 165ஐத் தொட்ட சதையும் எலும்பருகே இளஞ்சிவப்பாக இருக்கலாம். தெர்மாமீட்டர் சரியா என்று சந்தேகம் வந்தால் ஐஸ் நிறைந்த நீரில் முனையை வையுங்கள். 32 டிகிரி காட்டினால் சரி.

அந்த அரை மணி ஓய்வு நேரத்தில்தான் ஒவ்வொருவரும் நன்றி சொல்லும் சுற்றை வைத்துக்கொள்ள வேண்டும். இலையில் எல்லாவற்றையும் பரிமாறிவிட்டுப் பத்துப் பேரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்தால் கிரேவி ஆறி ஆடை கட்டும், குழந்தைகள் நெளிவார்கள். பறவை ஓய்வெடுக்கும்போது பேசினால் அவசரமே இல்லை. கூச்சப்படும் பெரியவர்களிடம், "இந்த வருஷம் யாருக்கு நன்றி சொல்லணும்னு தோணுது?" என்று ஒருவரைப் பற்றிக் கேட்டால் பேச்சு தானாக வரும். பிள்ளைகளிடம் அந்த நாளின் கதையையும் முழுதாகச் சொல்லுங்கள். 1621இல் மாசசூசெட்ஸின் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் நடத்திய அறுவடை விருந்தில் அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களும் இருந்தார்கள். 1863இல் அதிபர் லிங்கன் தேசிய நன்றி நாளை அறிவித்தார். 1941இல் நாடாளுமன்றம் நான்காவது வியாழனைச் சட்டமாக்கியது. 1970 முதல் அதே பிளிமத்தில் பூர்வகுடிகள் அதைத் துக்க நாளாகவும் அனுசரிக்கிறார்கள். மேசையில் இருக்கும் மக்காச்சோளமும் பூசணியும் வான்கோழியும், நம் குழம்பில் இருக்கும் மிளகாயும்கூட, அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகள் வளர்த்துத் தந்தவை.

சைவத் தட்டு

உருளைக்கிழங்கும் பீன்ஸும் சைவம்தானே என்று அம்மாவுக்கு எடுத்து வைத்துவிடுவோம். கடையில் வாங்கும் ஸ்டஃபிங் கலவையில் பெரும்பாலும் கோழிச் சாறு இருக்கும். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் உருகும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின். பை (pie) என்னும் பலகாரத்தின் சில மேலோடுகளில் பன்றிக் கொழுப்பு. வூஸ்டர்ஷைர் சாஸில் நெத்திலி வகை மீன். பூசணி பையில் முட்டை உண்டு. லேபிளை முன்கூட்டியே படித்து, சைவ உணவுகளுக்குத் தனிக் கரண்டி போட்டு, மேசையின் வேறொரு முனையில் வையுங்கள். ஒரே கரண்டி இரண்டு பாத்திரங்களில் புழங்குவதை அவர்கள் பார்த்துவிட்டால், வாய்விட்டுச் சொல்லாமல் வெறும் வயிற்றோடு எழுந்துவிடுவார்கள்.

இதைவிட அவசரமானது சர்க்கரை மாத்திரை. ஊரில் பலரும் எடுத்துக்கொள்ளும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளும், சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினும், உணவு தாமதமானால் சர்க்கரையைக் கீழே இறக்கிவிடும். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுப் பழகியவருக்கு மூன்று மணி விருந்து அபாயம். அவருக்கு வழக்கமான நேரத்தில் அளவாகக் கொடுத்துவிடுங்கள். விருந்தில் கொஞ்சம் சேர்ந்துகொள்ளட்டும். மாத்திரை அளவை நீங்களாக மாற்றாமல், அந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள். கை நடுக்கம், வியர்வை, பேச்சில் குழப்பம் தெரிந்தால் சோதித்துப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் அரைக் கப் பழச்சாறு கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 911ஐ அழையுங்கள்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தடவிய எதையும் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்குப் பாஸ்டரைஸ் செய்யாத ஆப்பிள் சைடரும் சீஸும் வேண்டாம்.

நான்கு மணி

ஓவனிலிருந்து பறவை வெளியே வந்தது 2 மணி. சூட்டிலிருந்து இறக்கிய உணவு அறை வெப்பத்தில் இருக்கக்கூடியது இரண்டு மணி நேரம்தான். ஆக, 4 மணிக்கு எஞ்சியது உள்ளே போக வேண்டும். அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? தொலைக்காட்சியில் ஃபுட்பால் ஓடுகிறது. காலையிலிருந்து நின்றவர் அப்போதுதான் தட்டோடு உட்காருகிறார். "அப்புறம் எடுத்து வைக்கலாம்" என்று விட்டது இரவு எட்டு வரை மேசையிலேயே கிடக்கிறது. பறவையும் கிரேவியும் பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறும்போது, கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியாவின் வெந்தும் சாகாத வித்துகள் முளைத்துப் பெருகுகின்றன. அதை வெதுவெதுப்பாக்கி உண்டால் 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்று வலியும் பேதியும் வரும்.

எனவே சமைத்தவரிடம் இந்த வேலையை விடாதீர்கள். விருந்துக்கு முன்பே இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். சமைத்தவருக்கு நன்றி சொல்ல நினைக்கும் மருமகனும் கல்லூரியில் படிக்கும் பிள்ளையும் இதற்குப் பொருத்தமானவர்கள். வேலை அரை மணிதான். சதையை எலும்பிலிருந்து பிரித்து, இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாத தட்டையான டப்பாக்களில் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். சூடாக வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்பது பழைய பயம். டப்பா சிறிதாக இருந்தால் தாராளமாக வைக்கலாம். தாமதமாக வருபவர்களுக்கு வேண்டியதை 200 டிகிரி ஓவனில் மூடி வைத்து, 140க்கு மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

சாம்பாருக்கும் பிரியாணிக்கும் இதே விதிதான். இரவில் ஒரு கொதி விட்டு அடுப்பிலேயே மூடிவைக்கும் பழக்கம் பெரிய அண்டாவுக்கு ஒத்துவராது; நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் ஒரு நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

"என்ன கொண்டுவரட்டும்?" என்று கேட்கும் விருந்தினரிடம் "ஒண்ணும் வேண்டாம், நீங்க வந்தா போதும்" என்று சொல்லாமல் தூரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வருபவரிடம் பழம், ரொட்டி, முறுக்கு. பக்கத்துத் தெருக்காரரிடம் சூடான பொரியல். பால் பாயசம் நெடுந்தூரம் வருவதென்றால் ஐஸ் பெட்டியில்தான் வர வேண்டும். திரும்பிப் போகும்போது கொடுத்தனுப்பும் வான்கோழிக்கும் அப்படியே.

வடை பொரிக்கும் சட்டியை விட்டு அகலாதீர்கள். வீட்டுச் சமையலறைத் தீ விபத்துகள் அமெரிக்காவில் மிக அதிகம் நிகழும் நாள் இதுதான். எண்ணெய் பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. புகை அலாரம் கத்துகிறதென்று பேட்டரியைக் கழற்றிவிடாமல் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்ததை மூன்று, நான்கு நாட்களுக்குள், அதாவது திங்கட்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். முடியாததை வெள்ளியன்றே ஃபிரீசருக்கு மாற்றுங்கள். மறுபடி சூடாக்கும்போதும் 165 டிகிரி. கிரேவி தளதளவெனக் கொதிக்க வேண்டும்.

அதையும் மீறி யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் நீரும் உப்பு சர்க்கரைக் கரைசலும் கொடுங்கள். மலத்தில் ரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குடித்தது எதுவும் நிற்காத வாந்தி, சிறுநீர் குறைந்து தலைசுற்றல், மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் பேதி ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். முதியவருக்கும் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இவை வரும்வரை காத்திருக்க வேண்டாம். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, வேறு யாருக்கு வந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்; அங்கே அதைத்தான் முதலில் கேட்பார்கள்.