தண்டனையை மறுபடி முடிவு செய்யும் நாளில் நீங்களும் இருக்க வேண்டும்

"பழம் பறிக்கிற சீசன் சார். இந்த வாய்தாவுக்கு நீங்களே பார்த்துக்கங்க."

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை பார்க்கும் கட்சிக்காரர், அவருடைய வக்கீலான என்னிடம் போனில் சொன்னது. அடிதடி வழக்கு. அவர் குற்றவாளி என்ற முடிவை ஏற்றுக்கொண்ட உயர் நீதிமன்றம், தண்டனை பற்றிக் கீழ் நீதிமன்றம் அவரிடம் கேட்கவே இல்லை என்பதால் தண்டனையை மட்டும் ரத்து செய்து, கேட்டு முடிவெடுக்கும்படி வழக்கைச் சேலம் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியிருந்தது. அவரோ ஜாமீனில் மலையில் இருந்தார். வக்கீல் இருக்கிறாரே, போதாதா என்பது அவர் எண்ணம்.

போதாது. ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, வந்தே ஆகவேண்டும் என்றேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அஸ்தம்பட்டி நீதிமன்றத்துக்கு வந்தார். "தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள்?" என்று நீதிபதி கேட்டார். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: அடிபட்டவரின் ஆஸ்பத்திரிச் செலவில் பாதியை இவரே தவணையாகக் கட்டியிருக்கிறார். இரண்டு குடும்பமும் இப்போது ஒரே லயத்தில்தான், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்தான், குடியிருக்கின்றன. இது எதுவும் வழக்குக் கட்டில் இல்லை. எனக்கே தெரியாது. ரசீதுகளைக் கொண்டுவர நீதிபதி அவகாசம் கொடுத்தார். கடைசியில் தண்டனை குறைந்தது.

குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, தண்டனை பற்றி அவரிடம் கேட்க வேண்டும் என்பது வெறும் சடங்கு இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 235(2). 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 258(2). 1976-ல் சாந்தா சிங் வழக்கில், கேட்காமலே விதித்த மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, கேட்டு முடிவெடுக்கும்படி கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. வயது, படிப்பு, குடும்பம், வேலை, திருந்தும் வாய்ப்பு எல்லாம் அப்போது நீதிபதி முன் வரவேண்டும். அதை ஆள் இல்லாமல் வக்கீல் மட்டும் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும்.

சிறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். தீர்ப்பைக் கேட்க நேரிலோ காணொலியிலோ ஆஜர்படுத்தலாம் என்கிறது புதிய சட்டம். தீர்ப்பு வாசிக்கக் காணொலி போதும் என்றே வைத்துக்கொள்வோம். தண்டனை பற்றிப் பேசும் நாளில் நேரில் வர வேண்டும் என்று முன்கூட்டியே மனுப் போடுங்கள். பக்கத்தில் நிற்கும் வக்கீலின் காதில் ஒரு வார்த்தை சொல்லத் திரையில் வழி இல்லை.

தண்டனை போதாது என்று அரசு மேல்முறையீடு செய்தால் நடப்பது வேறு. அங்கே உங்கள் சார்பில் வக்கீல் பேசலாம், நீங்கள் நேரில் நிற்பது கட்டாயமில்லை. ஆனால் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் தண்டனையைக் கூட்ட முடியாது. அதே வழக்கில் விடுதலையோ குறைப்போ கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பலருக்கு இது தெரியாது. தோட்டம் மாறி, வீடு மாறிப் போனவர்களுக்கு நோட்டீஸ் போய்ச் சேராமல் திரும்பிவிடுகிறது. முகவரி மாறினால் அன்றைக்கே வக்கீலிடம் சொல்லுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்கு அழையுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண் அது. காவலில் இருப்பவர் என்றால் வருமானச் சான்று கூடத் தேவையில்லை.