சிக்கன் 65 சிவப்பாகத்தான் இருக்க வேண்டுமா?

சாயங்காலத்துக்கு மேல் மதுரையில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் தள்ளுவண்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் சிக்கன் 65 குவிந்து கிடக்கும். பல வண்டிகளில் அந்தப் பளீர்ச் சிவப்பு மிளகாய்த்தூளால் வந்தது கிடையாது. சம்பா மிளகாயோ குண்டு மிளகாயோ, காய்ந்த எண்ணெயில் பொரிந்தால் கருஞ்சிவப்பாகிப் பழுப்புக்குத்தான் போகும். கண்ணைப் பறிக்கிற நிறம் என்றால் உள்ளே கலர் பவுடர் இருக்கிறது என்று பொருள்.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமிகள் எட்டு. அவற்றையும் இனிப்பு, ஐஸ்கிரீம், பிஸ்கட், சர்பத் மாதிரியான சில வகைகளில் மட்டுமே சேர்க்கலாம். பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்சவரம்பு, அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. விரல் நுனியில் அள்ளிப் போடுகிற மாஸ்டர் யாரும் அதை எடை போட்டுப் பார்ப்பதில்லை. பொரித்த கறிக்கோ பிரியாணிக்கோ இந்த அனுமதியே கிடையாது. பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்கிற துணிச்சாயம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தது. அடுத்த மாதமே கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்றது.

சிறு உணவுத் தொழில் செய்கிறவர்களுக்கும் சுய உதவிக் குழுப் பெண்களுக்கும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அந்தச் செய்திகளுக்குப் பிறகு வகுப்பில் தவறாமல் வருகிற கேள்வி, “மேடம், அன்னாட்டோ போட்டா கலர் பவுடரை விட்டுறலாமா?” என்பதுதான். அன்னாட்டோ என்பது ஒரு மரத்தின் விதையிலிருந்து கிடைக்கும் இயற்கை நிறம், அதைச் செல்போனில் பார்த்துவிட்டு வருகிறார்கள். விடலாம். ஆனால் கலர் பவுடர் தருகிற அதே சிவப்பை அன்னாட்டோ தராது. இதைச் சொல்லாமல் விதையை மட்டும் கையில் கொடுத்தால் இரண்டே வாரத்தில் பழைய டப்பாவுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அன்னாட்டோ தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கத்து மரம். மெக்சிகோவில் அச்சியோட்டே என்பார்கள், பிலிப்பைன்ஸில் அட்சுவேட்டே. வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் ஆரஞ்சு நிறம் தருவது பல இடங்களில் இதுதான். நம் ஊரில் அழகுக்காக வளர்க்கிறார்கள். நாட்டு மருந்துக் கடைகளில் ஜாப்ரா, சாப்பிரா என்று கேட்டால் சிலருக்குத் தெரியும். காய் ஆமணக்குக் காய் மாதிரியே முள் சிலிர்த்து இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: மரம் தெரியாமல் காயைப் பார்த்துப் பறிக்காதீர்கள். செவ்வாமணக்கின் காயும் சிவப்பாக, முள்ளோடுதான் இருக்கும், அதன் விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஆமணக்கு விதை வழவழப்பாகப் புள்ளியும் கோடுமாக இருக்கும். அன்னாட்டோ விதை சிறியது, செங்கல் நிறத்தது, ஈர விரலால் தேய்த்தால் நிறம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் தொடவே வேண்டாம், கடையில் வாங்குங்கள்.

நிறம் விதைக்குள் இல்லை, மேல்பூச்சில் இருக்கிறது. அதில் பெரும்பங்கு பிக்சின் என்ற நிறமி, அது எண்ணெயில்தான் கரையும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. விதையைத் தண்ணீரில் ஊறவைத்து ஊற்றினேன், அடியில் வண்டலாகத் தங்கிவிட்டது என்று வருகிறவர்கள் நிறைய. தண்ணீரில் கரையும் நார்பிக்சின் வகை தனியாகக் கிடைக்கும், ஆனால் புளிப்புப் பட்டால் அது திரிந்து படிந்துவிடும். அதனால் எலுமிச்சை சர்பத்துக்கு இது தோதுப்படாது.

செய்முறைக்கு வருவோம். 100 மில்லி கடலை எண்ணெய்க்கு ஒரு மேசைக்கரண்டி விதை. நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். விதையைக் குளிர்ந்த எண்ணெயிலேயே போட்டுச் சிறு தீயில் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் எண்ணெய் செம்மஞ்சளாகும், கொஞ்ச நேரத்தில் ஆழ்ந்த ஆரஞ்சாகும். அதோடு அடுப்பை அணைத்து வடிகட்டிவிட வேண்டும். “இன்னுங் கொஞ்சம் செவக்கட்டும்” என்று விட்டால் நிறம் வெளுத்து மஞ்சளாகும், விதை கருகிக் கசப்பும் இறங்கும். பிக்சினுக்கு அதிகச் சூடும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது. வடித்ததை நிறக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி அலமாரிக்குள் வையுங்கள், ஜன்னலோரம் வேண்டாம். விதையை மிக்ஸியில் அரைக்கலாமா என்றால், வேண்டாம். கல் மாதிரி கெட்டி, பிளேடுதான் மழுங்கும்.

கேசரிக்கு இது அருமையாக அமையும். எண்ணெய்க்குப் பதில் நெய்யில் இதே மாதிரி நிறம் இறக்கி, வடித்த நெய்யில் ரவையை இளந்தீயில் வறுத்துச் செய்தால் இதமான ஆரஞ்சு வரும். கல்யாண வீட்டுக் கேசரியின் கொதிக்கிற ஆரஞ்சு வராது. வரவேண்டியதும் இல்லை என்பது என் கட்சி. சால்னாவிலும் குழம்பிலும் கடைசியாக ஒரு கரண்டி விட்டால் மேலே மிதக்கிற எண்ணெய் நிறமாக நிற்கும். உறைப்புக்கு மிளகாய் தனியாகப் போட்டாக வேண்டும், ஏனென்றால் அன்னாட்டோவின் சுவை மிக மெல்லியது, லேசான மண்வாசம், துளி மிளகு நெடி.

சிக்கன் 65-க்கு? ஊறவைக்கும் மசாலாவில் கலந்து கொதிக்கும் எண்ணெயில் போட்டால் நிறத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். முதலில் மிளகாய்த்தூளோடு சாதாரணமாகப் பொரித்தெடுங்கள். பிறகு வேறொரு வாணலியில் கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாயை அன்னாட்டோ எண்ணெயில் புரட்டி, அதில் துண்டுகளைப் போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டி இறக்குங்கள். செம்பழுப்பாக வரும். ஒரு பரோட்டாக்கடைக்காரர் என்னிடம், “செவப்பா இல்லேன்னா நேத்துப் போட்டதுன்னு நினைக்கிறாங்க மேடம்” என்றார். அவர் சொல்வது உண்மை. கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை, வாங்குகிற நாம் கேட்பதைத்தான் அவர் போடுகிறார்.

இயற்கை என்பதால் அளவில்லாமல் சாப்பிடலாம் என்பதும் சரியில்லை. உலக சுகாதார நிறுவனமும் உலக உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குப் பிக்சின் 12 மில்லிகிராம், நார்பிக்சின் 0.6 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வீட்டுச் சமையலில் அவ்வளவுக்குப் போவது கடினம். அரிதாகச் சிலருக்கு அன்னாட்டோ ஒவ்வாமை வரும். தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், மூச்சு முட்டினால் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். கேரட் மாதிரி வைட்டமின் ஏ தரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் தவறு. பிக்சினும் கேரட்டின் நிறமி இருக்கிற அதே கரோட்டினாய்டு குடும்பம்தான், ஆனால் உடலில் வைட்டமின் ஏ-வாக மாறாது. சர்க்கரை நோய்க்கு, புற்றுநோய்க்கு என்று பொடி விற்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்.

விற்பனைக்குச் செய்கிறவர்களுக்கு ஒன்று. அன்னாட்டோ அனுமதிக்கப்பட்ட இயற்கை நிறமி என்றாலும், உங்கள் பொருள் எந்த உணவு வகைக்குள் வருகிறது, அதில் நிறம் சேர்க்க இடமுண்டா என்று உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இடமிருந்தால் லேபிளில் அன்னாட்டோ என்று பெயரையோ, உணவுச் சேர்பொருள்களுக்கான சர்வதேச எண்ணான ஐ.என்.எஸ். 160பி என்பதையோ குறிப்பிட வேண்டும். “கலர் சேர்க்கவில்லை” என்று அச்சடித்த பாக்கெட்டில் அன்னாட்டோ இருந்தால் அதுவும் பொய்யான லேபிள்தான்.