வேருக்கு இலை அனுப்பும் வைட்டமின்

மாடித்தோட்டக்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்த யோசனை எப்படியாவது வந்துவிடும்: பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ரோஜாத் தொட்டியில் ஊற்றினால் செடி தளதளவென்று வருமாம். நமக்கு நல்லது என்றால் செடிக்கும் நல்லதுதானே என்று ஒரு கணக்கு. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இதற்குப் பின்னால் அசலான ஆய்வு ஒன்று இருக்கிறது.

செடிக்கு வைட்டமின் தேவையா? தேவைதான். வைட்டமின் சி இல்லாவிட்டால், ஒளிச்சேர்க்கையின்போது உண்டாகும் நாசகார ஆக்சிஜன் வகைகள் இலையையே அரித்துவிடும். ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்துக்குள் வைட்டமின் கே1 எலெக்ட்ரான்களைக் கைமாற்றி விடுகிறது. பி12 மட்டும் விதிவிலக்கு. நிலத்துச் செடிகள் அதைச் செய்வதும் இல்லை, அவற்றுக்கு அதனால் ஆகவேண்டிய வேலையும் இல்லை. சி, கே1, மற்ற பி வகைகளைச் செடி தானே செய்துகொள்கிறது. சரி, 'செடி' என்றால் செடியின் எந்தப் பாகம்?

இந்தக் கேள்விக்கு விடை வந்தது தக்காளி வேரிலிருந்து. 1934இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஃபிலிப் ஒயிட் என்பவர் தக்காளி வேரின் நுனியை வெட்டி, உப்புகளும் சர்க்கரையும் கலந்த நீரில் போட்டு வளர்த்தார். தண்டு கிடையாது, இலை கிடையாது, வெறும் வேர். அது வளர்ந்து கிளைத்ததும் கிளையின் நுனியை வெட்டிப் புதுக் குடுவையில் போடுவார். இப்படியே வேர் முடிவில்லாமல் வளர்ந்துகொண்டே போனது. ஒரே ஒரு நிபந்தனை: நீரில் கொஞ்சம் ஈஸ்ட் சாறு இருக்க வேண்டும். அதை நிறுத்தினால் வளர்ச்சியும் நின்றுவிடும்.

ஈஸ்டில் அப்படி என்ன இருக்கிறது? 1936இல்தான் பி1 எனப்படும் தயமினை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கத் தாவரவியலாளர்களான ஜேம்ஸ் பானர் பட்டாணி வேரிலும், வில்லியம் ராபின்ஸ் தக்காளி வேரிலும் ஈஸ்டுக்குப் பதில் தயமினைப் போட்டுப் பார்த்தார்கள். வேர் வளர்ந்தது. அதாவது இலையிலிருந்து பிரிக்கப்பட்ட வேர், நம்மைப் போலவே, வைட்டமினை வெளியிலிருந்து வாங்கித்தான் பிழைக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இதற்கு அப்புறம் வருகிறது. தயமின் மூலக்கூறு இரண்டு துண்டுகளைச் சேர்த்துச் செய்தது: ஒன்று பிரிமிடின், இன்னொன்று தயசோல். பட்டாணி வேருக்கு இரண்டு துண்டையும் தனித்தனியாகக் கொடுத்தால் போதும், ஒட்டவைக்கிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். தக்காளி வேருக்குத் தயசோலை மட்டும் கொடுத்தாலே போதும். இந்தத் தயசோலைச் செய்வதுதான் செலவு பிடித்த காரியம் என்பது பல பத்தாண்டுகள் கழித்துத் தெரியவந்தது. அதைச் செய்யும் நொதி தன் உடம்பிலிருந்தே ஒரு கந்தக அணுவைப் பிய்த்துக் கொடுக்கிறது. கொடுத்த பிறகு அது எதற்கும் உதவாது. ஒரு தயசோலுக்கு ஒரு நொதி காலி! சாதாரணமாக ஒரு நொதி ஆயிரக்கணக்கான முறை வேலை செய்யும் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு ஊதாரித்தனம் என்று புரியும்.

இத்தனை செலவழித்து ஏன் செய்ய வேண்டும்? சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் பாதையில் சில முக்கியமான நொதிகள் தயமின் கூட இல்லாமல் அசையாது. வேர் நுனியோ ஓயாமல் செல்களைப் பெருக்கும் இடம். இலை அனுப்பும் சர்க்கரை குவிந்து கிடந்தாலும் தயமின் இல்லாவிட்டால் அதை எரிக்க வழியில்லை.

ஆக, சர்க்கரை வரும் வழியிலேயே தயமினும் வருகிறது. தக்காளித் தண்டில் வளையமிட்டு, புளோயம் எனப்படும் உணவுக் குழாயைத் துண்டித்துப் பார்த்தார் பானர். வளையத்துக்கு மேலே தயமின் தேங்கி நின்றது. முதிர்ந்த இலைகள் அதைச் செய்து, கீழே வேருக்கும் மேலே இளந்தளிருக்கும் அனுப்புகின்றன. 2016இல் ஜெனீவா ஆய்வாளர்கள் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், இந்த நெடும்பயணத்துக்கு உதவும் ஒரு கடத்திப் புரதத்தை அடையாளம் காட்டினார்கள்.

இனி மாத்திரைக்கு வருவோம். 1939 வாக்கில் அமெரிக்கத் தோட்ட இதழ்களில் பி1 மோகம் தலைக்கேறியது. ஐந்து அங்குல ரோஜா மொட்டு, தட்டைவிடப் பெரிய டாஃபடில் பூ என்றெல்லாம் எழுதினார்கள். முழுச் செடிகளில் முறையாகச் சோதித்தபோது ஒன்றும் நடக்கவில்லை; தொடக்கத்தில் நம்பிக்கையோடு பேசிய பானரே பின்வாங்கினார். குடுவையில் இருந்த வேருக்கு இலை இல்லை, தொட்டியில் இருக்கும் வேருக்கு இலை இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனாலும் நாற்று நடும்போது ஊற்றச் சொல்லி பி1 திரவம் இன்றும் விற்பனையாகிறது.

தயமின் உண்மையிலேயே வேலை செய்வது, செடியின் சிறு துண்டைப் பாட்டிலில் வைத்துக் கன்றாக்கும் திசு வளர்ப்புக் கூடத்தில். நம் ஊர்த் தோட்டங்களுக்கு வரும் ஜி9 ரக வாழைக்கன்று பாட்டிலில் பிறந்தது. அங்கே பெரிதும் பயன்படுவது முராஷிகே, ஸ்கூக் என்ற இரு ஆய்வாளர்கள் 1962இல் புகையிலைத் திசுவுக்காக வகுத்த ஊட்டக் கலவை. அந்தக் கலவையில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் தயமின். ஒரு கிராம் இருந்தால் 10,000 லிட்டருக்கு வரும்.

இலையிலிருந்து கிளம்பும் தயமின் விதைக்கும் போகிறது. முளைக்கும் குருத்துக்குச் சொந்தமாக இலை வரும்வரை தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சோறு அது. நெல்லில் அது பெரும்பாலும் தவிட்டுப் படலத்திலும் முளைக்கருவிலும் இருக்கிறது. அரிசியைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து அவித்தால், நீரில் கரையும் தயமின் அரிசியின் உள்பக்கத்துக்கு ஊறி இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசியில் பி1 கூடுதலாக இருப்பது இதனால்தான்.