தர்மபுரிப் பற்களில் ஓடும் பழுப்புப் பட்டை

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரையே குடித்து வளர்ந்த பலரின் முன்பற்களில் குறுக்குவாட்டில் பழுப்புப் பட்டைகள் ஓடியிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் அவை போகா. பல்லின் மேல் படிந்த அழுக்கு அன்று அது. சிறுவயதில், பல்லின் கடினமான மேலுறையான எனாமல் ஈறுக்குள் உருவாகும்போதே, குடிநீரில் மிகுந்த ஃபுளோரைடு என்ற உப்பால் நேர்ந்துவிட்ட குறை.

அப்பகுதியின் பாறைகளில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் இந்த ஃபுளோரைடு இருக்கிறது. பாறை வெடிப்புகளில் ஆண்டுக்கணக்கில் தேங்கும் நீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. பாறை மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது, வெயிலுக்கும் இதில் பங்குண்டு. நீரில் கால்சியம் போதிய அளவு இருந்தால், அது ஃபுளோரைடோடு சேர்ந்து படிந்து, அளவு மீறாமல் தடுக்கும். மழை குறைந்து நீர் வேகமாக ஆவியாகும் நிலத்திலோ, கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து, உழவர்கள் சுக்கான்கல் என்று சொல்லும் வெண்கட்டிகளாக மண்ணிலேயே தங்கிவிடுவதால், ஃபுளோரைடு தடையின்றி நீரில் கூடிக்கொண்டே போகிறது.

அதே வெயில் தாகத்தையும் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அந்த நீரை நிழலில் அமர்ந்து 2 லிட்டர் குடிப்பவருக்கு 3 மில்லிகிராம் சேர்கிறது என்றால், சித்திரை வெயிலில் வேலை செய்து 5 லிட்டர் குடிப்பவருக்கு 7.5 மில்லிகிராம் சேர்கிறது. இந்தியத் தரநிர்ணயம் 1 மில்லிகிராமையே ஏற்கத்தக்க அளவாக வைத்து, வேறு நீர் கிடைக்காதபோது மட்டும் 1.5 வரை அனுமதிப்பது சரியான எச்சரிக்கை என்றே சொல்வேன்.

பல்லோடு இது நிற்பதில்லை. பல ஆண்டுகள் மிகுதியாகச் சேரும்போது ஃபுளோரைடு எலும்பில் தங்கி, தசைநார்களும் சுண்ணாம்பேறி, முதுகு வளைக்க முடியாதபடி இறுகிவிடுகிறது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இத்தகைய நோயாளிகளை ஆராய்ந்து மருத்துவ ஆய்வாளர் ஷார்ட்டின் குழுவினர் 1937இல் எழுதினர். இறுகிய எலும்பை மீட்கும் மருந்து இன்றும் இல்லை.

ஆகவே நீரை மாற்றுவதுதான் வழி. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது இதற்காகவே. வீட்டில் காய்ச்சிக் குடிப்பது பயன்தராது. நீர் ஆவியாகி ஃபுளோரைடு மிஞ்சுவதால் செறிவு கூடவே செய்யும். போர்வெல் நீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுநீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்தலாம். அது கொஞ்சமே கிடைக்கும் வீட்டில், எனாமல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே முதல் குடம் போக வேண்டும்.