யூரோப்பியன் ரிசர்ச் ஏரியா: பகுதியா, வெளியா, களமா?

ஐரோப்பிய அறிவியல் கொள்கை தொடர்பான ஆவணம் எதைப் புரட்டினாலும் 'யூரோப்பியன் ரிசர்ச் ஏரியா' என்ற தொடர் முதற்பக்கங்களிலேயே எதிர்ப்படும். 'ஏரியா' என்பதற்கு அகராதிகள் பகுதி, பரப்பு, வட்டாரம் என்று பொருள் தருவதால், 'ஐரோப்பிய ஆராய்ச்சிப் பகுதி' என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அப்படி எழுதினால், ஆய்வுக்கூடங்களுக்கென்று வேலியிட்டு ஒதுக்கிய ஏதோ ஒரு நிலம் என்றே படிப்பவர் எண்ணுவார். இத்தொடர் சுட்டுவது நிலத்தை அன்று. தனித்தனியே இயங்கிவந்த நாடுகளின் ஆராய்ச்சி அமைப்புகள் ஒரு பொது ஒழுங்குக்குள் வந்து சேரும் ஏற்பாட்டை.

இந்த ஏற்பாட்டுக்கான திட்ட வரைவை, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் ஆராய்ச்சிப் பொறுப்பை வகித்த பெல்ஜியத்தவரான பிலிப் புஸ்கான் 2000 ஜனவரியில் முன்வைத்தார். அவ்வாண்டு மார்ச்சில் லிஸ்பனில் கூடிய ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் அதை ஏற்றனர். ஒவ்வொரு நாடும் தன் பணத்தைத் தன் எல்லைக்குள்ளேயே செலவிட்டதால் ஒரே வினாவைப் பல நாடுகள் தனித்தனியே ஆராய்ந்தன என்பதும், நாடு மாறிச் செல்லும் ஆய்வாளர் தம் நிதியைக் கையோடு கொண்டுபோக முடியவில்லை என்பதும் அன்றைய முறையீடுகள். 2009 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கை, ஒன்றியத்தின் செயற்பாட்டு உடன்படிக்கையைத் திருத்தி, அதன் 179ஆம் பிரிவில் இத்தொடரைச் சட்டச் சொல்லாகவே ஆக்கியது.

இனிச் சொல்லின் வேருக்கு வருவோம். 'ஏரியா' என்பது லத்தீன் மொழியின் 'ஆரெயா'. வீடு கட்டாத சமதளம், முற்றம், கதிரடிக்கும் இடம் ஆகியவை அதன் பழைய பொருள்கள். அறுத்த கதிர் போரடிப்பதற்காக உலரும் இடமாதலால், உலர்தலைக் குறிக்கும் வினையிலிருந்து இச்சொல் பிறந்ததாகக் கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் வாரோ விளக்கினார். ஸ்பானிய மொழியில் இதே சொல் தேய்ந்து 'எரா' என்றும், இத்தாலிய மொழியில் 'ஆயா' என்றும் நிற்கிறது. எராவுக்குக் கதிரடிக்கும் இடம் என்பதே இன்றும் பொருள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு ஸ்பானியர் வாசித்தால் அவர் வாயில் வருவதும் 'எரா' என்பதே. இது தற்செயல்தான், ஆயினும் அழகான தற்செயல்.

மற்ற ஐரோப்பிய மொழிகள் பலவும் இங்கே 'ஏரியா'வைப் பின்பற்றவில்லை. பிரெஞ்சு 'எஸ்பாஸ்' என்றும் ஜெர்மன் 'ரௌம்' என்றும் கூறுகின்றன. இரண்டும் இடவெளியைக் குறிப்பவை. தடையின்றி நடமாடப் போதிய இடம் என்ற கருத்து அவற்றில் உண்டு. தமிழில் இவற்றுக்கு நெருங்கிய சொல் 'வெளி'. அதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் வெளியில் யாரும் எதையும் சேர்ந்து செய்வதாகப் பொருள் இல்லை. 'பகுதி'யின் சிக்கல் இன்னும் ஆழமானது. அது 'பகு' என்னும் வினையடியாகப் பிறந்தது, பகுக்கப்பட்டதே பகுதி. பிரிந்து கிடப்பதை இணைக்க எழுந்த ஓர் ஏற்பாட்டுக்குப் பிரிவினையை வேரிலேயே கொண்ட சொல்லைச் சூட்டுவது பொருந்தாது.

லத்தீன் சொல்லின் பழம்பொருளை அப்படியே தாங்கும் சொல் நம்மிடம் உண்டு. அது 'களம்'. மலையாளத்திலும் களம், கன்னடத்தில் கண. தொல்காப்பியம் ஏரோர் களவழி, தேரோர் களவழி என்று உழவர் களத்தையும் வீரர் களத்தையும் அருகருகே வைத்துப் பேசுகிறது. போர்க்களம், அடுகளம், ஆடுகளம் என எங்கே வந்தாலும், பலர் கூடி ஒரு செயலைச் செய்து முடிக்கும் இடம் என்ற பொருள் அதில் மாறுவதில்லை. சிற்றூர்களின் களத்துமேட்டை நினைத்துப் பாருங்கள். களம் ஊருக்குப் பொது; நிலவரிக் கணக்கிலும் அது களம் புறம்போக்கு. கதிர் அவரவர் வயலில் விளைந்தது. அடித்துத் தூற்றிய பின் நெல்லும் அவரவர் வீட்டுக்கே போகும். யார் எந்த நாளில் களத்தில் இறங்குவது என்பதை உழவர்கள் தமக்குள் பேசி முடிவுசெய்வார்கள்.

ஐரோப்பாவில் நடப்பதும் இதுவே என்பதால்தான் இச்சொல்லை வலியுறுத்துகிறேன். அங்கே களத்தை அமைத்தது பிரஸ்ஸல்ஸில் உள்ள ஆணையம் மட்டும் அன்று. 1974இல் ஸ்டிராஸ்பூரில் ஐரோப்பிய அறிவியல் அறநிறுவனம் தோன்றியது. ஆராய்ச்சி மன்றங்களின் தலைவர்கள் 1992 முதல் யூரோஹார்க்ஸ் என்ற பெயரில் கூடிப் பேசினர். அதன் வழித்தோன்றலாக 2011இல் 'சயின்ஸ் யூரோப்' உருவாயிற்று. ஆராய்ச்சிக்குப் பொதுப்பணத்தை வழங்கும் அமைப்புகளும், ஆராய்ச்சியைத் தாமே நடத்தும் அமைப்புகளும் அதன் உறுப்பினர்கள். ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்து, நார்வே நாடுகளின் அமைப்புகளும் அதில் உள்ளன என்பதை மறக்கலாகாது. களத்தின் எல்லை ஒன்றியத்தின் எல்லையோடு முடிவதில்லை.

இவர்கள் உருவாக்கிய 'வீவ்' என்னும் முறையை அருகிருந்து பார்க்கலாம். வியன்னாவில் ஓர் இயற்பியலாளரும் சூரிக்கில் இன்னொருவரும் சேர்ந்து ஓர் ஆய்வைத் திட்டமிடுகிறார்கள் என்று கொள்வோம். தனித்தனியே விண்ணப்பித்தால், ஆஸ்திரியா ஏற்றுச் சுவிட்சர்லாந்து மறுக்கும்போது திட்டமே சரிந்துவிடும். வீவ் முறையில் இருவரும் சேர்ந்து ஒரே விண்ணப்பத்தை ஓர் அமைப்பிடம் தருவார்கள். மதிப்பீடு அங்கேயே நடக்கும். அதன் முடிவை மற்ற அமைப்பு ஏற்கும். பணத்தை மட்டும் ஒவ்வோர் அமைப்பும் தன் நாட்டு ஆய்வாளருக்குத் தானே கொடுக்கும். களம் பொது, நெல் தனி என்பது இங்கே விதியாகவே அமைந்திருக்கிறது.

கொள்கையும் இதே வழியில் உருவாகிறது. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வின் கட்டுரைகள் எவரும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்க வேண்டும் என்று கோரும் 'பிளான் எஸ்' திட்டத்தை, 2018 செப்டம்பரில் 11 நாடுகளின் நிதியமைப்புகள் ஆணையத்தின் ஆதரவோடு அறிவித்தன. அதன் பின்னே நின்று உழைத்தது சயின்ஸ் யூரோப். ஆயினும் அதன் உறுப்பினரான ஜெர்மனியின் ஆராய்ச்சி நிதிப் பேரமைப்பு டிஎஃப்ஜி, நோக்கத்தை வரவேற்றபோதிலும் அத்திட்டத்தை அறிவித்த அமைப்புகளின் கூட்டணியில் சேரவில்லை. ஆராய்ச்சியாளரை எப்படி மதிப்பிடுவது என்பது குறித்த 2022 ஜூலை உடன்பாட்டை ஆணையமும் ஐரோப்பியப் பல்கலைக்கழகச் சங்கமும் சயின்ஸ் யூரோப்பும் சேர்ந்தே வரைந்தன. அதிலும் கையெழுத்திடுவது அவரவர் விருப்பம்.

'களம்' என்பதற்கு ஒரு தடை எழுப்பலாம். மொழியியலாரும் மானிடவியலாரும் நேரில் சென்று தரவு திரட்டும் ஊரை ஏற்கெனவே 'ஆய்வுக்களம்' என்று வழங்குகிறார்கள். இது நியாயமான தடையே. முன்னால் 'பொது' என்ற அடையைச் சேர்த்து 'ஐரோப்பியப் பொது ஆய்வுக்களம்' என்று எழுதினால் மயக்கம் நீங்கும். பொதுக்களம் என்ற ஊர் வழக்கும் உள்ளே வந்து சேரும். 179ஆம் பிரிவின் கருத்தை இச்சொல்லால் எழுதினால் இவ்வாறு வரும்: ஆய்வாளர்களும் அறிவியல் அறிவும் தொழில்நுட்பமும் தடையின்றி உலவும் ஓர் ஐரோப்பியப் பொது ஆய்வுக்களத்தை அமைத்து, தன் அறிவியல், தொழில்நுட்ப அடித்தளத்தை வலுப்படுத்துவது ஒன்றியத்தின் நோக்கமாகும்.