எம்.ஜி.பி வாங்கப் போகிறீர்களா? முதலில் கீழே குனிந்து பாருங்கள்

இந்த வாரமும் ஒன்று வந்தது. 1972ஆம் வருட எம்.ஜி.பி ரோட்ஸ்டர், அதாவது கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ரத்தச் சிவப்பு, பம்பரில் முகம் பார்க்கலாம். இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்கியவர், "பிரேக் மட்டும் பாருங்கள்" என்றார். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பகுதிக்கு 'சில்' என்று பெயர். அதற்கு அடியில் ஜாக் வைத்து ஏற்றினேன். ஜாக் ஏறியது, கார் ஏறவில்லை. நறநறவென்று சத்தம், தரையில் ஒரு கை துருப்பொடி.

இங்கிலாந்தில் பழைய கார்களுக்கு டிங்கரிங், வெல்டிங் செய்து பிழைக்கிறவன் நான். இந்த மாதிரி வண்டியோடு வருகிற எல்லோரும் சொல்கிற ஒரே வசனம்: "ஆனா இன்ஜின் சூப்பரா இருக்கே!"

இருக்கட்டுமே. 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின் முரட்டுப் பிறவி. போனால் வேறு மாட்டிக்கொள்ளலாம். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி, பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. கார்புரேட்டர், கிளட்ச், பிரேக் எல்லாமே மாற்றக்கூடியவை. மாற்ற முடியாமல் மாட்டிக்கொள்வது பாடியில்தான். இதற்கு முந்தைய எம்.ஜி.ஏ-வுக்குத் தனிச் சேஸி, அதாவது அடிச்சட்டம், உண்டு. எம்.ஜி.பி-க்குக் கிடையாது, பாடியேதான் சேஸி. ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. அதனால் அந்தச் சில்கள்தான் பெரும்பாரத்தைத் தாங்குகின்றன. அது உளுத்துப்போனால் கார் நடுவில் தொய்யும். இன்ஜின் சத்தத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பெயின்ட்டை வைத்தும் முடியாது. பெயின்ட் மறைப்பதற்குத்தான் அடிக்கப்பட்டிருக்கிறது!

ஒழுங்காக சில் மாற்ற முன் சக்கரத்துக்கு மேலுள்ள விங்கைக் கழற்ற வேண்டும், பின் விங்கின் அடிப்பகுதியை வெட்ட வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, அழுகிய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பூசி விற்கிறார்கள். அந்தச் சிவப்புக் காரில் அப்படி மூன்று அடுக்கு இருந்தது.

சரி, என்ன செய்யலாம்? மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தோடு போங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி. கதவு இடைவெளியைப் பாருங்கள். பின்பக்கம் ஜாக்கில் ஏற்றியதும் அது சுருங்கினாலோ கதவு இடித்தாலோ பேரமே வேண்டாம், கிளம்புங்கள். கூரை இல்லாத கார்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் கூரையோடு வந்த எம்.ஜி.பி ஜிடி பாருங்கள். பெரும்பாலும் விலையும் குறைவு, உடம்பும் உறுதி.

எம்.ஓ.டி என்பது இங்கே வருடாவருடம் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை. "எம்.ஓ.டி சோதனை தேவையில்லை, சட்டமே சொல்கிறது" என்று சிலர் சட்டம் பேசுவார்கள். 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யாத, நாற்பது வயது கடந்த கார்களுக்கு விலக்கு உண்டுதான். துருவுக்கு விலக்கு கிடையாதே! தகுதியில்லாத காரை ஓட்டினால் குற்றம் உங்கள் மேல்தான். விலக்கு இருந்தாலும் நீங்களே விரும்பிச் சோதனைக்குக் கொடுக்கலாம். தயவுசெய்து கொடுங்கள். வாங்கும் முன் பதிவு எண்ணைத் தட்டி, பழைய சோதனை விவரத்தை அரசு இணையதளத்தில் பாருங்கள், இலவசம்தான்.

வாங்கியாச்சா? பெட்ரோல் ஹோஸ்களை உடனே மாற்றுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இங்கே ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பரை அரித்துவிடும். எத்தனால் குறைந்த சூப்பர் ரகம் போடுங்கள். மின்கோளாறு வந்தால் உடனே மின்பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியைத் திட்டாதீர்கள், முதலில் எர்த் இணைப்பைச் சுரண்டிப் பாருங்கள். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ்.

அப்புறம் ஓட்டுங்கள். கராஜில் போர்த்திவைத்தால் பிரேக்தான் இறுகும். குளிரில் பனி உருகச் சாலையில் உப்பு தூவும் மாதங்களில் மட்டும் வெளியே எடுக்காதீர்கள்.