நீல நட்சத்திர மீனை வாங்குவதற்கு முன்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்பும் படங்களில் அடிக்கடி வருவது நீல நட்சத்திர மீன். வாங்கிய வாரத்தில் எடுத்த படத்தில் அது ஐந்து கைகளையும் விரித்துக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். சில மாதங்கள் கழித்து அதே வீட்டிலிருந்து அழைப்பு வரும்போது, ஒரு கையின் நுனி வெளுத்து, தோல் கந்தலாகி, உள்ளிருக்கும் சுண்ணாம்புத் தட்டுகள் தெரியத் தொடங்கியிருக்கும். சென்ற ஆண்டு அண்ணா நகரில் ஒரு வீட்டில் அப்படி ஒன்றை நீருக்குள்ளேயே உள்ளங்கையில் ஏந்தித் திருப்பிப் பார்த்தேன். நலமாக இருக்கும் நட்சத்திர மீனின் அடிப்பக்கத்தில் வரிசை வரிசையாக உள்ள குழாய்க்கால்கள், விரல் பட்டவுடன் பற்றிக்கொள்ளும். இதில் பாதிக்கு மேல் அசையவே இல்லை. மீதி எதையும் பற்றாமல் துவண்டு தொங்கின. "இந்த நோய்க்கு என்ன மருந்து சார் போடலாம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நோய் எதுவும் இல்லை. அது ஏழு மாதமாகப் பட்டினி கிடந்திருக்கிறது.

லின்க்கியா என்ற இந்த இனம் பாறைகளின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தை மேய்ந்து வாழ்வது. இருநூறு லிட்டர் தொட்டியில் உள்ள பாறைகளை அது சில வாரங்களில் மேய்ந்து முடித்துவிடும். பிறகு தன் உடம்பிலிருந்தே கரைந்து கரைந்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அசையும் வரை நாமும் அது நன்றாக இருப்பதாகவே நம்புவோம். விற்ற கடையில் அவருக்குப் பொய் எதுவும் சொல்லவில்லை. அது 'ரீஃப் சேஃப்' என்றுதான் சொன்னார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பொருள், 'இது பவளத்தைத் தின்னாது' என்பது மட்டுமே. அந்த உயிர் உங்கள் தொட்டியில் பிழைக்குமா, இறந்தால் தண்ணீரை என்ன செய்யும், உள்ளே கை விடுகிற உங்களை என்ன செய்யும் என்பவற்றுக்கெல்லாம் அந்தச் சொல்லில் பதில் இல்லை. சென்னையில் வீடுகளிலும் அலுவலக வரவேற்பறைகளிலும் தொட்டிகளைப் பராமரித்துவரும் இத்தனை ஆண்டுகளில், மீன்களைவிட முதுகெலும்பில்லாத இந்தச் சிறு உயிர்களே கவனக்குறைவால் அதிகம் சாவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் யார் எதை வாங்கப் போவதாகச் சொன்னாலும், அது என்ன தின்னும், செத்தால் என்ன ஆகும் என்ற இரண்டையும் முதலில் கேட்கிறேன்.

இரண்டாவது கேள்வி சிலருக்கு அபசகுனமாகப் படுகிறது. ஆனால் ஒரு தொட்டி முழுவதும் ஒரே இரவில் அழிவது பெரும்பாலும் அந்த வழியில்தான். கடல் சாமந்தி இதற்கு நல்ல உதாரணம். இடம் பிடிக்கவில்லை என்றால் அது நகரும். நகர்ந்து போய் அலை எழுப்பும் பம்பின் வாயில் சிக்கினால் அரைபட்டுத் தண்ணீர் முழுவதும் கலந்துவிடும். தொட்டி தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாதவர்கள் அதை வாங்க வேண்டாம். பிறகு வாங்கினாலும் பம்புகளுக்குப் பஞ்சு உறையோ வலைக்கூண்டோ போட்ட பின்பே உள்ளே விட வேண்டும். கடல் ஆப்பிள் என்று விற்கப்படும், ஊதாவும் சிவப்பும் கலந்த அழகான உயிர் கடல் அட்டையின் இனத்தைச் சேர்ந்தது. அது மிரண்டாலோ காயம்பட்டாலோ இறந்தாலோ ஹோலோதூரின் என்ற நஞ்சை நீரில் விடும். திறந்த கடலில் அந்த நஞ்சு கரைந்து போய்விடும், மூடிய தொட்டியில் மீன்களுக்குத் தப்பிக்க இடமில்லை. இதற்கு மேல், அது நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை ஓயாமல் வடித்துத் தின்பதால் வீட்டில் மெல்ல மெல்லப் பட்டினியில்தான் சாகும். என் இரண்டு கேள்விகளிலும் தோற்கும் இந்த உயிரை நான் யாருக்கும் பரிந்துரைத்ததில்லை.

கடல் அட்டை என்ற பேச்சு வந்துவிட்டதால் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மன்னார் வளைகுடா மீனவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இந்தச் செய்தி, நகரத்தில் தொட்டி வைப்பவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. கல்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம் ஆகியவையும், கடல் அட்டைகளும், கடல் குதிரைகளும், டிரிடாக்னா பெருஞ்சிப்பிகளில் இரண்டு இனங்களும் 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2022 திருத்தத்தில் அட்டவணைகள் மாற்றி அமைக்கப்பட்டாலும் இவற்றுக்கான பாதுகாப்பு நீங்கவில்லை. ராமேசுவரத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ யாரோ கொண்டுவந்து கொடுத்த உயிருள்ள பவளத் துண்டு உங்கள் வரவேற்பறையில் இருந்தால், அதன் விலை என்னவாக இருந்தாலும் அது குற்றத்துக்குரிய பொருள். 'இது இந்தோனேசியாவிலிருந்து வந்தது' என்று விற்பவர் சொன்னால், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் அனுமதியையும் இறக்குமதி ஆவணங்களையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

சரி, எதைத்தான் வாங்கலாம்? நான் முதலில் விடுவது டிரோக்கஸ் நத்தை. கூம்பு வடிவ ஓட்டுடன் கண்ணாடியிலும் பாறையிலும் பாசியைச் சுரண்டித் தின்னும். மணலில் கவிழ்ந்து விழுந்தால் தானே புரண்டு எழும். இதைப் போலவே தோன்றும் அஸ்ட்ரேயா நத்தை கவிழ்ந்தால் பெரும்பாலும் எழ முடியாமல் கிடந்து சாகும், அல்லது காலி ஓட்டுக்குள் குடியிருக்கும் துறவி நண்டுக்கு இரையாகும். நசாரியஸ் நத்தைகள் மணலுக்குள் புதைந்திருந்து, உணவு வாசனை பட்டதும் தும்பிக்கை போன்ற குழலை நீட்டிக்கொண்டு வெளியே வரும். மீன் தின்று மிச்சம் வைத்ததைத் தின்று மணலையும் கிளறிவிடும். எண்ணிக்கையில் மட்டும் கவனம் வேண்டும். நூறு லிட்டருக்கு இருபது நத்தை என்று பொதியாக விற்பதை வாங்கிப் போட்டால், பாசி தீர்ந்த மாதத்தில் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கும். நான் நான்கைந்து விட்டு, இரண்டு மாதம் பார்த்து, பாசி மிஞ்சினால் மட்டும் இன்னும் இரண்டு சேர்ப்பேன். துறவி நண்டு விட விரும்புகிறவர்கள் பல அளவுகளில் காலி ஓடுகளையும் போட்டு வையுங்கள்; இல்லாவிட்டால் தன் அடுத்த வீட்டுக்காக அது நத்தையைக் கொல்லும்.

இறால்களில் முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் கிளீனர் இறால் நம்பகமானது. அதைப் புதிதாக வாங்கிய வீடுகளிலிருந்து சில வாரங்களில் எனக்கு ஒரு பதற்றமான அழைப்பு வரும்: இறால் செத்துக் கிடக்கிறது என்பார்கள். மீசை, கால், கண் மூடி உட்படக் கண்ணாடி போல் முழு உருவமாகக் கிடப்பது அது உரித்துப் போட்ட மேல்தோல். இறால் புதுத்தோல் இறுகும் வரை பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும். அந்தத் தோலை எடுக்க வேண்டாம், சத்துக்காக அதையே சில நேரம் தின்னும்.

கடல் சாமந்தி இனத்தைச் சேர்ந்த, வேண்டாத கண்ணாடி அனிமோன்களைத் தின்பதற்காக வாங்கும் பெப்பர்மிண்ட் இறாலில் ஓர் ஆள்மாறாட்டம் நடக்கிறது. ஒட்டகமுதுகு இறால் ஏறக்குறைய அதே நிறத்தில், பல நேரம் அதே பெயரில் விற்கப்படுகிறது. ஆனால் பவளத்தின் சிறு உயிர்களான பாலிப்களையே கொத்தித் தின்னும். பெப்பர்மிண்ட் இறாலின் உடல் ஒளி ஊடுருவ, மெல்லிய சிவப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். மற்றதன் சிவப்புப் பட்டைகளுக்கு நடுவே பளிச்சென்ற வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். முதுகில் திமில், பெரிய கண்கள், மேல் நோக்கிய கொம்பு. கடையில் ஒரு நிமிடம் பக்கவாட்டில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

நட்சத்திர மீன்தான் வேண்டும் என்று வீட்டில் பிள்ளைகள் அடம் பிடித்தால், அதன் உறவான, மெலிந்த கைகள் கொண்ட சிறிய பிரிட்டில் நட்சத்திரங்களைச் சொல்வேன். பச்சை நிறப் பெரிய பிரிட்டில் நட்சத்திரம் மட்டும் வேண்டாம், அது இரவில் கைகளை வளைத்துத் தூங்கும் மீனைப் பிடிக்கும். நம் தென்கடல் வலைகளில் சிக்கும், சிவப்புக் குமிழ்கள் கொண்ட நட்சத்திர மீன் கடற்பஞ்சையும் பவளத்தையும் பிற நட்சத்திர மீன்களையும் தின்பதால் பவளத் தொட்டிக்கு ஆகாது.

தேர்வு சரியாக இருந்தும் சாவதற்கு என் அனுபவத்தில் முதல் காரணம் தாமிரம். மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் தாமிரம் கலந்த மருந்தை ஊற்றுகிறார்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவில் மீன் தாங்கும். நத்தையும் இறாலும் பவளமும் தாங்காது. அதன் பின் எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் பாறையும் மணலும் உறிஞ்சி வைத்த தாமிரம் சிறிது சிறிதாக வெளியே வரும். பழைய தொட்டியைப் பாறையோடு சேர்த்து விலைக்கு வாங்குபவர்கள், முன்பு என்ன மருந்து போட்டார்கள் என்று கேளுங்கள். கேட்ட பிறகும் ஒரு தாமிரச் சோதனைக் கிட் வாங்கிப் பார்த்துவிடுங்கள். நோய்ப்பட்ட மீனுக்குத் தனித் தொட்டியில்தான் வைத்தியம். ஆர்.ஓ. நீரைத் தவிர லாரித் தண்ணீரோ ஆழ்துளைக் கிணற்று நீரோ உப்புக் கலக்க உதவாது.

அடுத்தது அவசரம். நட்சத்திர மீனாலும் கடல் முள்ளெலியாலும் உடலுக்குள் இருக்கும் உப்பின் அளவை மீன்களைப் போலச் சரிசெய்துகொள்ள முடியாது. கடைத் தொட்டியில் நீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.020, வீட்டில் 1.025 என்றால், பையை வெட்டி நேரே கொட்டுவது அதற்குப் பேரதிர்ச்சி. மெல்லிய காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குறைந்தது இரண்டு மணி நேரம் பழக்குங்கள். சித்திரை வெயிலில் தெருவில் கொண்டுவரும்போது பையைத் தெர்மாக்கோல் பெட்டியில் வையுங்கள்.

கடைசியாக, உங்கள் கை. கூம்பு வடிவில் ஓவியம் வரைந்தது போன்ற கோன் நத்தையையும், நீல வளைய ஆக்டோபஸையும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்; இரண்டும் மனிதரைக் கொல்லக்கூடியவை, இரண்டின் நஞ்சுக்கும் முறிமருந்து கிடையாது. ஆனால் அவற்றைவிட நான் அஞ்சுவது, பொத்தான் வடிவில் பாறையில் படரும், பவளத்துக்கு உறவான ஸோவாந்திட், குறிப்பாகப் பழுப்பு நிறப் பாலிதோவா. இவற்றில் சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம் மாற்றும் பம்பை இது மூட முடியாத துளையாக்கிவிடுகிறது. கொதிக்க வைத்தாலும் அழியாது. 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் வீட்டுத் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்தபோது வெளியான இந்த நஞ்சால், அந்தக் குடும்பத்தினரோடு உதவிக்குச் சென்ற தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. எனக்குத் தெரிந்த ஒருவரும், படர்ந்த பாலிதோவாவை ஒழிக்கச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் பாறையை வைத்துக் கொதிநீர் ஊற்றினார். ஆவியை முகர்ந்த அவருக்கும் மனைவிக்கும் அன்று மாலையே இருமல், குளிர்க் காய்ச்சல், வாயில் இரும்பை நக்கியது போன்ற கசப்பு. வைரஸ் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார்கள். மறுநாள் என்னிடம் வேறு ஏதோ கேட்க அழைத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

பாலிதோவா உள்ள பாறையைக் கொதிநீரில் போடாதீர்கள், பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், காற்றில் காயவிட்டுச் சுரண்டாதீர்கள். வெட்ட வேண்டியிருந்தால் நீருக்கு அடியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து வெட்டி, பயன்படுத்திய கருவிகளையும் நீரையும் ப்ளீச்சிங் கரைசலில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள். விரலில் சிறு கீறல் இருந்தாலும் அன்று தொட்டிக்குள் கை விட வேண்டாம். வேலை செய்த சில மணி நேரத்தில் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ தசை வலியோ நாக்கில் உலோகக் கசப்போ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் சென்று, 'வீட்டில் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது, இன்று இந்தப் பவளத்தைத் தொட்டேன்' என்று மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். கைபேசியில் அதன் படம் இருந்தால் காட்டுங்கள்.